பதினாலாவது கேள்வி

மேசைக்கு ஒரு பேனாதான். அதையும் யாரும் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய்விடக் கூடாதென்று நூல் கட்டி மேசைக் காலில் முடிந்து வைத்திருந்தார்கள். அதனால் ரத்ததான முகாமின் படிவத்தை நிரப்ப வந்தவர்கள் இருவர் இருவராகத் தோள் உரச உட்கார்ந்து, ஒருவர் எழுதி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டியிருந்தது. மெக்கானிக் தன் படிவத்தை முடித்துவிட்டுப் பேனாவைப் பக்கத்தில் இருந்த அவளிடம் நீட்டினான். ஆனால் எழுந்து போகவில்லை. முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, அவள் எழுதுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

மூக்குக் கண்ணாடிக்கு வில்லை செய்யும் தொழிற்சாலை அது. சாப்பாட்டுக் கூடத்தின் பாதியைப் பச்சைத் துணித் தட்டிகளால் மறைத்து மூன்று கட்டில் போட்டிருந்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கிற முகாம். ரத்தம் கொடுத்தவர்களுக்கு அரை நாள் லீவு, அறிவிப்புப் பலகையில் பெயர். கொடுக்க முடியாமல் திரும்பி வருகிறவர்கள்பாடுதான் திண்டாட்டம். 'சோகைக் கட்சி' என்று அன்று முழுக்கக் கேலி நடக்கும். டீ வாங்கப் போனால்கூட, 'அண்ணனுக்குச் சர்க்கரை ரெண்டு கரண்டி கூடப் போடுங்க, உடம்புல ஒண்ணுமில்ல' என்று யாராவது கத்துவார்கள்.

அவளை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கழுகு என்பார்கள். தேய்த்து மெருகேறி வரும் வில்லைகளை ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் பார்ப்பது அவள் வேலை. தலைமுடியில் பாதிகூட இல்லாத கோடு அவள் கண்ணுக்குத் தப்பாது. ஒரு நாளைக்கு எண்ணூறு வில்லை. தள்ள வேண்டியதைத் தயவு தாட்சண்யம் பார்க்காமல் சிவப்புத் தட்டில் போட்டுவிடுவாள். தேய்ப்பு இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கும் அவளும் பழக ஆரம்பித்ததே அந்தச் சிவப்புத் தட்டு தினமும் நிரம்பி வழிந்ததால்தான். என் மெஷின்மேல உனக்கு அப்படி என்ன கோபம் என்று கேட்டுக்கொண்டு வந்தவன், மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். இன்னும் பதினெட்டு நாளில் அவர்களுக்குப் பதிவுத் திருமணம். வீடு பார்த்து முன்பணம் கொடுத்தாகிவிட்டது. அவன் அம்மா இப்போதே மருமகளே என்றுதான் போனில் கூப்பிடுகிறாள். ஜன்னல் திரைக்கு நீலமா பழுப்பா என்று காலையில்கூடக் கேட்டாள்.

பெயர், வயது, எடை, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா, மஞ்சள் காமாலை வந்ததுண்டா. எல்லாவற்றுக்கும் சரசரவென்று குறி போட்டுக்கொண்டே வந்த பேனா பதினாலாவது கேள்வியில் நின்றது. 'கடந்த மூன்று மாதங்களில் புதிதாக ஒருவருடன் உடலுறவு கொண்டீர்களா?' ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

"இதுக்கு என்ன யோசனை?" என்றான் மெக்கானிக், அவள் காதருகே குனிந்து. "இதெல்லாம் நான் யோசிக்க வேண்டிய கேள்வி. ரெண்டு வருஷமா ஒரே பக்கம் குறி போட்டுட்டு இருக்கேன். எல்லாம் உன் புண்ணியம்."

எதிரே உட்கார்ந்திருந்த பேக்கிங் அக்காவுக்கு எல்லாம் காதில் விழுந்துவிட்டது. "அவளைப் போயா கேக்கிறே. அவளுக்கெல்லாம் அந்தக் கேள்வியை அடிச்சிட்டே குடுத்திருக்கலாம். மையாவது மிச்சம்."

மூவரும் சிரித்தார்கள். அவளும்தான். சிரித்துக்கொண்டே 'இல்லை' கட்டத்தில் குறி போட்டாள். குறி கொஞ்சம் அழுத்தமாக விழுந்து காகிதத்தின் பின்பக்கம் புடைத்துக்கொண்டது.

தட்டிக்கு வெளியே வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள். அவனை முதலில் கூப்பிட்டார்கள். போகும்போது சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, போருக்குப் போகிறவன் மாதிரி அவளுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனான். அவள் படிவத்தை நான்காக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் தன் விருப்பத்தைச் சொன்ன அன்று, சரி என்று அவள் உடனே சொல்லிவிடவில்லை. முதலில் உன் கதை முழுக்க எனக்குத் தெரியணும் என்று பூங்கா பெஞ்சில் உட்கார வைத்துக் கேட்டாள். அவன் மறைக்காமல் சொன்னான். ஐந்து பேர். இரண்டு பேரோடு கொஞ்ச நாள் பழக்கம். மற்ற மூன்றும் ஒரு நாள், இரண்டு நாள் சமாச்சாரம். அதில் ஒருத்தியின் பெயரே அவனுக்குத் தெரியாது. அந்த ஒருத்திதான் அவளை உலுக்கிவிட்டாள். ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. பேர் தெரியாத ஒருத்தியோடு இருந்தவன் என் பேரை மட்டும் எத்தனை நாள் ஞாபகம் வைத்திருப்பாய் என்று கேட்டாள். அது வேற, நீ வேற என்று அவன் மன்றாடினான். பசிக்குச் சாப்பிடறதும் வீட்டுக்குச் சாப்பிட வர்றதும் ஒண்ணா என்று ஏதோ உளறியும் பார்த்தான். அவள் மசியவில்லை. வேற வேற என்று எதுவும் கிடையாது, இருப்பது ஒரே உடம்பு, அதை லேசாக எடுத்துக்கொள்கிறவன் என்னையும் லேசாகத்தான் எடுத்துக்கொள்வான் என்றாள்.

அவன் மாறினான். அதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். போனிலிருந்து எண்கள் போயின. வார இறுதிக் கூட்டாளிகள் போனார்கள். ஆரம்பத்தில் அவளுக்காக மாறியவன், போகப் போகத் தனக்கே அதுதான் பிடித்திருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தான். கூட வேலை பார்க்கும் பையன்கள் அப்படி இப்படிப் பேசும்போது எழுந்து வந்துவிடுவான். ஆனாலும் சண்டை என்று வந்தால் அவள் கையில் எப்போதும் ஓர் ஆயுதம் இருந்தது. உப்புப் பெறாத விஷயமாக இருக்கும், ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டிருப்பான், அதற்கும் 'அந்தப் பேர் தெரியாதவளோட கட்டில்லயும் இப்படித்தான் போட்டியா' என்பாள். அவன் எழுந்துபோய்த் துண்டைக் கொடியில் போடுவான். அப்போது அவளுக்கு ஒரு திருப்தி வரும். ஒவ்வொரு தடவையும் வந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் புதிய சோதனை இயந்திரம் பழகுவதற்காகக் கம்பெனி அவளை வெளியூருக்கு ஐந்து நாள் அனுப்பியது. வேறு கம்பெனிகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். அதில் ஒரு தாடிக்காரர், எதைச் சொன்னாலும் சிரிப்பு வரும்படி சொல்கிறவர். நான்காம் நாள் மின்சாரம் போய், மத்தியானத்தோடு வகுப்பை முடித்துவிட்டார்கள். ஒரே விடுதி. படியேறிப் போகும்போது பாதி மாடியில் நின்று எதற்கோ இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவ்வளவுதான் ஆரம்பம். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை, யாரும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. மறுநாள் காலைச் சாப்பாட்டில் எதிரெதிரே உட்கார்ந்து வில்லைக்கு மேல்பூச்சு எத்தனை தடவை கொடுப்பது நல்லது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஊருக்குத் திரும்பும் ரயிலில் அவள் நன்றாகத் தூங்கினாள்.

அந்தத் தூக்கம்தான் அவளை இரண்டு மாதமாகத் தூங்கவிடவில்லை. அழுகை வரும், அருவருப்பு வரும், மெக்கானிக்கின் முகத்தைப் பார்க்க முடியாமல் போகும் என்றெல்லாம் காத்துக்கொண்டிருந்தாள். எதுவும் வரவில்லை. ரயில் நிலையத்தில் பையை வாங்கிக்கொள்ள ஓடி வந்த அவனைப் பார்த்தபோது மனசு முன்பைவிட ஒட்டிக்கொண்டதே தவிர விலகவில்லை. அது வேற, நீ வேற. பூங்கா பெஞ்சில் அவன் சொன்ன அதே வார்த்தை அவள் வாய்க்குள் வந்து நின்றது. செய்த காரியத்தைவிட, அவன் அன்று சொன்னது பொய்யில்லை என்று தெரிந்துபோனதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இரண்டு வருஷமாக ஒரு மனிதனை எதற்காக அப்படிக் குத்திக் குத்திக் காட்டினோம்?

"அடுத்த ஆளு வரலாம்."

தட்டிக்குள் ஒரு குட்டி மேசை, இரண்டு நாற்காலி. நர்ஸுக்கு ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியை மூக்கின் நுனியில் போட்டிருந்தாள். வந்தவளின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, இறங்கும் முள்ளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"ரத்த அழுத்தம் ஏறியிருக்கேம்மா. பயமா? முதல் தடவையா?"

"அஞ்சாவது தடவை."

"அப்புறம் என்ன?"

அவள் நர்ஸின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது வில்லையில் கீறல் இருக்கிறது என்றாள். நர்ஸ் கழற்றிப் பார்த்துவிட்டு, சாவியோடு பையில் போட்டுவிட்டதாகச் சொல்லி மறுபடி மாட்டிக்கொண்டாள். படிவத்தின் அடியில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள். கையெழுத்துக்கு மேலே பொடி எழுத்தில், நான் சொன்னதெல்லாம் உண்மை என்று அச்சடித்திருந்தது. தட்டியின் மறுபக்கத்தில் மெக்கானிக் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான், இந்த ஊசியே எனக்கு இப்படி இருக்கே, கல்யாணத்தன்னிக்கு என்ன ஆகப்போறேனோ என்று. அந்தக் கட்டிலிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டால் தீர்ந்தது. ஊசி ஏறும், பை நிறையும், பதினெட்டு நாள் ஓடிவிடும்.

"இந்த ரத்தம் எங்க போகும்?" என்று கேட்டாள்.

"இன்னிக்கு எடுக்கிறதுல பாதி குழந்தைங்க வார்டுக்கு."

தினமும் எண்ணூறு வில்லையைக் கையில் எடுக்கிறவள். முகம் தெரியாத யாரோ போட்டுக்கொள்ளப் போகிற கண்ணாடிக்காக, தன் காதலனின் இயந்திரத்திலிருந்து வந்ததையே சிவப்புத் தட்டில் தள்ளியவள். பேனாவை மேசையில் வைத்தாள்.

"பதினாலாவது கேள்விக்குத் தப்பா எழுதிட்டேன்."

நர்ஸ் நிமிரவில்லை. படிவத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "ஆமான்னு மாத்தணுமா?"

"ஆமா. ரெண்டு மாசம் ஆச்சு. ஒரே ஒரு தடவைதான். பாதுகாப்பாத்தான்."

"ஒரு தடவையா பத்து தடவையான்னு இந்த ஃபாரம் கேக்கலம்மா. உங்க நடத்தைக்கு மார்க் போடற கேள்வி இல்ல இது." குரலைத் தணித்துக்கொண்டாள். சில கிருமிகள் முதல் சில வாரம் எந்தச் சோதனையிலும் சிக்காது, அதற்காகத்தான் மூன்று மாதம் தள்ளிப் போடுகிறோம், அடுத்த முகாமில் தாராளமாகக் கொடுக்கலாம் என்றாள். ஒரு மூலையில் ஏதோ குறித்து முத்திரை குத்தினாள். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சையும் பிளாஸ்திரியையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ஒட்டி விடட்டுமா?"

அவளுக்குப் புரியவில்லை.

"உங்க கம்பெனில குடுக்காதவங்களைப் போட்டு நாள் பூரா ஓட்டுவாங்களாமே. போன தடவை ஒருத்தர் வெறும் கையோட வெளிய போக மாட்டேன்னு உக்காந்துட்டார். அதுலேர்ந்து கேக்கிறவங்களுக்கு சும்மா ஒட்டி விட்டுடறேன். பல்லு பிடுங்கினவங்க, மாத்திரை சாப்பிடறவங்க, உங்களை மாதிரி. யாரு என்னன்னு வெளிய யாருக்கும் தெரியாது."

"போன தடவை யாரு?"

நர்ஸ் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தாள். "அதை நான் சொல்லலாமா?"

போன முகாம் முடிந்த சாயங்காலம் அவள் கண்முன் வந்தது. அவள் அறையில் மெக்கானிக் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். முழங்கை மடிப்பில் இருந்த பிளாஸ்திரியை அவள்தான் விளையாட்டாகப் பிய்த்தாள். முடியோடு பிய்ந்ததில் ஆ என்று கத்தினான். உள்ளே தோல் சுத்தமாக இருந்தது. சிவப்பு இல்லை, புள்ளி இல்லை. நர்ஸ் கைராசிக்காரியா இருக்கணும் என்று சொல்லிவிட்டு மறந்துபோனாள். கழுகு. யார் யார் வில்லையிலோ முடியளவு கோட்டைப் பிடிக்கிறவளுக்கு அன்று அது உறைக்கவில்லை.

உறைத்தபோது முதலில் நெஞ்சு கனத்தது. அதற்கு அடியிலேயே, அவளே எதிர்பார்க்காமல், ஒரு குளிர்ச்சி பரவியது. அவனும் எங்காவது போயிருந்தால் நல்லது. போயிருக்கட்டும், கடவுளே, ஒரு தடவையாவது போயிருக்கட்டும். அப்படியானால் இந்த பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடலாம். ஆளுக்கொன்று, கணக்கு நேராகிவிடும், யாரும் எதுவும் பேச வேண்டாம். தான் எதற்காக வேண்டிக்கொள்கிறோம் என்று புரிந்ததும் பிளாஸ்திரியை நர்ஸின் பக்கமே நகர்த்திவிட்டு எழுந்தாள்.

மெக்கானிக் பழச்சாறு டம்ளரோடு உட்கார்ந்திருந்தான். முழங்கை மடிப்பில் பஞ்சு, அதன்மேல் பிளாஸ்திரி. அவள் வெறும் கையை அவனுக்கு முன்னால் பேக்கிங் அக்காதான் பார்த்தாள்.

"ஐயையோ, கழுகே சோகைக் கட்சியா? நான் அப்பவே சொன்னேன், ஒழுங்கா சாப்பிடுன்னு. ஆள் நூல் மாதிரி இருந்தா எங்கேர்ந்து ரத்தம் எடுப்பாங்க?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். சாக்கை அக்காவே கையில் எடுத்துக் கொடுத்துவிட்டாள். மெக்கானிக்கும் எழுந்து வந்து, இன்றிலிருந்து உனக்குத் தினம் ரெண்டு முட்டை என்று அவள் கன்னத்தைத் தட்டினான். கொஞ்சம் வா, பேசணும் என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள்.

உணவு இடைவேளை. தேய்ப்புக் கூடத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. இயந்திரங்கள் நின்றிருந்தன. தேய்க்கும்போது பாய்கிற பால் நிறத் தண்ணீர் தொட்டிகளில் அடங்கி, தரையெங்கும் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்திருந்தது. கடைசி இயந்திரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் திரும்பினாள்.

"எனக்கு ரத்தம் கம்மி இல்ல. பதினாலாவது கேள்வி."

அவன் முதலில் சிரித்தான். அந்தச் சிரிப்பு, சுவிட்சை அணைத்த பிறகும் சுற்றுகிற மின்விசிறி மாதிரி கொஞ்ச நேரம் ஓடி, தானே நின்றது.

"பயிற்சிக்குப் போனியே, அப்பவா?"

"ம்."

"நாலாவது நாள் போன் எடுக்கல. தலைவலின்னு சொன்னே."

"ம்."

"பேராவது தெரியுமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியும்."

"பரவால்ல. என்னைவிட நீ ஒழுங்கு."

அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாயிருக்கும் என்றிருந்தது அவளுக்கு. அந்த ஆளைப் பிடித்திருந்ததா என்று கேட்டான். அன்றைக்குப் பிடித்திருந்தது என்றாள். இப்போது என்றான். நினைப்பே வருவதில்லை என்றாள். சொல்லச் சொல்ல, ஒவ்வொரு பதிலும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் பூங்காவில் அவன் சொன்ன பதிலாகவே இருந்தது. அவனுக்கும் அது தெரிந்தது. இயந்திரத்தின் மூடியை விரலால் தட்டிக்கொண்டே இருந்தவன் நிறுத்தினான்.

"அது வேற, நீ வேறன்னு நான் சொன்னப்ப நீ என்ன சொன்னே?"

அவள் தொட்டியில் அடங்கிக் கிடந்த தண்ணீரைப் பார்த்தாள்.

"சொல்லு. உன் வாயால கேக்கணும்."

"ஒரே உடம்புதானேன்னு சொன்னேன்."

"நான் நம்பிட்டேன்." அவன் முகம் கோணியது. "முதல்ல உனக்காகத்தான் தலையாட்டினேன். அப்புறம் நிஜமாவே நம்பிட்டேன். நான் அவ்வளவு நாளும் அசிங்கமா இருந்தேன்னு நம்பினேன். குளிக்கும்போதுகூடத் தோணும். இப்ப நீ வந்து, இல்ல இல்ல, நீ முன்னாடி சொன்னதுதான் சரிங்கிறே. நான் என்ன பண்ணட்டும்? திரும்பிப் போகட்டுமா? எனக்கு வழி மறந்து போச்சு."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தாள். வந்தது வேறு. "போன முகாம்ல உன் கையில ஊசி குத்தின தடமே இல்ல."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் திருட்டு இருக்கிறதா, ஆச்சரியம் இருக்கிறதா என்று அவள் தேடினாள். தேடுவது தன் தொழில், கண்ணில் படாமல் போகாது என்றுதான் நினைத்தாள். ஒன்றும் படவில்லை.

"என்ன பதில் சொன்னா உனக்கு வசதி?" என்றான்.

"எனக்குத் தெரியணும்."

"உனக்குத் தெரியணும்னு இல்ல. நானும் போயிருக்கணும்னு இருக்கு. உன் மூஞ்சியிலயே எழுதியிருக்கு."

வெளியே சாப்பாட்டுக் கூடத்திலிருந்து தட்டுகள் மோதும் சத்தமும் யாரையோ ஓட்டிச் சிரிக்கிற சத்தமும் வந்தன. அவன் பதில் சொல்லப் போகிறான் என்று நின்றாள். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். சுவரோரமாகத் தரையில் ஒரு இரும்புத் தட்டு இருந்தது, வில்லை அச்சுகள் அடுக்கியது. இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற கனம். காலையிலிருந்து அங்கேதான் கிடக்கிறது, யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அதை இப்போதே எடுத்தாக வேண்டும் என்பதுபோலக் குனிந்து, ஒற்றை ஆளாகத் தூக்கினான். கழுத்து நரம்பு புடைத்தது. நாலு எட்டு நடந்து அலமாரியில் ஏற்றினான். இயந்திரத்துக்கு அருகே திரும்பி வந்து, அதைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றான்.

பிளாஸ்திரியின் ஓரத்தில் சிவப்பு எட்டிப் பார்த்தது. பஞ்சு நனைந்து, ஒரு கோடு முன்கை வழியாக இறங்கி, மணிக்கட்டைச் சுற்றி, விரல் நுனியிலிருந்து காய்ந்த வெள்ளைத் தரையில் சொட்டியது. அவன் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. கவனித்தும் கையை மடக்கவில்லையோ என்னவோ. அவள் ஓடிப்போய்ப் பஞ்சின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். சூடாக இருந்தது. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை, அவள் பக்கம் திரும்பவும் இல்லை. இடைவேளை முடிகிற மணி அடித்தது. கதவுக்கு வெளியே காலடிச் சத்தம் ஒன்றிரண்டாகச் சேர ஆரம்பித்தது. விரலுக்கடியில் அவன் நாடி வந்து வந்து முட்டிக்கொண்டிருந்தது. விரலை எடுத்தால் ரத்தம் நின்றிருக்குமா, மறுபடி வருமா என்று தெரியாமல், இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.